ஏழாம் எண் தொட்டியில் ஒரு பொட்டு

பொட்டு மறுபடியும் வந்திருந்தது.

கஸ்முரி தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஏழாம் எண் தொட்டியின் இரும்புத் தரை விளிம்பிலிருந்து விளிம்பு வரை கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு தூணடியில் மட்டும், சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு கறுப்பு. சற்று முன்தான் அதைக் கழுத்துத் துண்டால் துடைத்துவிட்டு நடுக்குழி வரை போயிருந்தார். திரும்பி வந்தால் அது அங்கேயே, அதே அளவில், எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

"ஜுமாடி! இங்கே எண்ணெய் சிந்தினது யாரு?"

ஜுமாடி தள்ளுகட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். அந்த ஊரில் மூத்த ஆண்களை மரியாதையாக 'பாக்' என்றுதான் அழைப்பார்கள்.

"எண்ணெயா? இந்த டேங்குல இப்போ எண்ணெய் இருக்கற ஒரே இடம் உங்க தலைமுடிதான், பாக்."

"சிரிக்காதே. மத்தியானம் இங்கே சாப்பாடு."

"தெரியுமே. அதனாலதான் காலையில நான் சாப்பிடவே இல்லை."

தஞ்சோங் லாபுவின் கடலோரத்தில் வரிசையாக நிற்கும் கச்சா எண்ணெய்த் தொட்டிகளில் ஏழாம் எண் மிகப் பழையது. ஒரு பள்ளிக்கூட மைதானத்தை உள்ளே வைத்து மூடிவிடலாம். எண்ணெய் நிறைந்திருக்கும்போது அதன் கூரை எண்ணெயின் மேல் மிதக்கும். காலியானால் தன் இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றி நிற்கும். அந்தக் கால்கள்தான் இப்போது தூண்கள். கூரை தலைக்கு மேல் ஒரு சாண்தான் தள்ளி இருந்தது. உயரமானவர்கள் கொஞ்சம் பணிவாக நடக்க வேண்டும்.

இதைக் காலி செய்வது லேசான வேலை இல்லை. எண்ணெயைக் குழாய் உறிஞ்சிய மட்டும் உறிஞ்சியாகிவிட்டது. அதற்கு அடியில் தண்ணீர் நின்றது. கஸ்முரி அடி வால்வை வேறு யாரிடமும் விடவில்லை. சடாரென்று திறந்தால் தண்ணீர் சுழித்துக்கொண்டு, மேலே இருக்கும் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வாய்க்கால் ஓரமே உட்கார்ந்து, மணத்தையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கறுப்பு இழை தெரிந்ததும் மூடினார். "என் கையால ஒரு கரண்டி எண்ணெய்கூட வாய்க்காலுக்குப் போனதில்லை" என்பது அவர் அடிக்கடி சொல்வது. யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

தண்ணீர் போன பிறகு கசடு. முழங்கால் வரை, ஆறிப்போன களி போல, மெழுகும் மணலும் துருவுமாக இறுகிக் கிடந்தது. இளக்கி, கலக்கி, பொறி பறக்காத பித்தளை மண்வெட்டியால் வெட்டி, வாளி வாளியாகக் கைமாற்றி, சுவரில் இருந்த வட்ட வாசல் வழியாக வெளியேற்றினார்கள். பிறகு கழுவினார்கள். பிறகு மரத்தூள் போட்டுத் துடைத்தார்கள். பிறகு துணியால் துடைத்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கஸ்முரி நிறுத்தவில்லை. மறுபடியும் துணி.

ஏனென்றால் அவர் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொட்டி சுத்தமானதும் அந்தத் தரையிலேயே வெறுங்காலோடு வட்டமாக உட்கார்ந்து மஞ்சள் சோறு சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் காலை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு உள்ளங்காலைக் காட்டுவார்கள். உள்ளங்கால் வெளுப்பாக இருந்தால் தொட்டி சுத்தம். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் காற்றைச் சோதிக்கிறவர் வந்து நச்சுக்காற்று இல்லை என்று சொல்லி, ஊதுவிசிறி ஓடி, அலுவலகம் அனுமதி கொடுத்த பிறகே நடக்கும். ஆறாம் எண் தொட்டியில் வேலை பார்த்த வேறு ஒரு கூட்டத்தாருக்கு ஒருமுறை உள்ளங்கால் சாம்பல் பூத்திருந்தது. இன்றைக்கும் சந்தையில் அவர்களைப் பார்த்தால் மீன்காரர்கூட, "சாம்பல்கால், என்ன மீன் வேணும்?" என்றுதான் கேட்கிறார்.

கஸ்முரியின் காலை அப்படி யாரும் சொன்னதில்லை.

இந்த முறை விஷயம் காலோடு நிற்கவில்லை. மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தரை சுத்தம்னு இன்ஜினியர் தியுர்மா இபு கையெழுத்துப் போட்டா எட்டாம் எண்ணும் உங்க ஆளுங்களுக்கே. போடலைன்னா சிங்கப்பூர் மெஷினை வரவழைக்க வேண்டியதுதான்."

"அப்போ நாங்க?"

"கரை ஓரமெல்லாம் புல் ஏகமா வளர்ந்து கிடக்கு, பாக்."

மெஷின் கூரை வழியாக இறங்கி, நாலா பக்கமும் சூடான எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கும். ஆளே இறங்க வேண்டாம். அதன் வண்ணப் படத்தைத் தியுர்மாவின் மேசை மேல் ஜுமாடி பார்த்திருந்தான். அவள் மேலாளரோடு கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டதையும், அதில் "மெஷின், மெஷின்" என்று அடிக்கடி வந்ததையும் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

தியுர்மா மேடான் நகரப் பக்கத்துப் பதாக் இனப் பெண், பொறியாளர்; அதனால் எல்லோருக்கும் மரியாதையாக 'இபு', அம்மா. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போல இருக்கும். தொட்டி சுத்தமான நாளிலிருந்து ஒரு விளக்கும், சோப்புத் தண்ணீர் வாளியும், கண்ணாடி மூடிய ஒரு பெட்டியுமாகத் தரையில் முழங்காலிட்டு ஊர்ந்துகொண்டிருந்தாள். தகடுகள் ஒட்டிய இடமெல்லாம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். முதல் நாளே கேட்டாள்:

"பாக், தரையில நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

"என் தரையில பார்க்கறதுக்கு என்ன இபு இருக்கு? ஒண்ணுமே இல்லை."

அவள் முகம் வாடிவிட்டது.

கஸ்முரிக்கு அந்த முகம் போதுமாக இருந்தது. குற்றம் தேடி வந்தவள், கிடைக்கவில்லை, வாடுகிறாள். ஒவ்வொரு நாளும் அவள் வாட வாட அவருக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. "இன்னிக்கும் ஒண்ணும் கிடைக்கலையா இபு?" என்று சாயங்காலம் வட்ட வாசலில் நின்று அன்பாக விசாரிப்பார்.

இன்று கடைசி நாள். அவள் பார்க்காமல் விட்டிருந்தது ஒரே ஒரு பட்டை. அந்தப் பட்டையில்தான் இந்தத் தூண். இந்தத் தூணடியில்தான் இந்தப் பொட்டு.

"நேத்து சாயந்திரம் இல்லையே இது" என்றார் கஸ்முரி.

"நேத்து இங்கே ஒரு துருப்பொருக்கு இருந்தது. அது அழகா இல்லை, சுரண்டுடான்னு நீங்கதான் சொன்னீங்க. சுரண்டினேன்."

"சுரண்டினது தப்பா?"

"நான் தப்புன்னு சொன்னேனா? அழகா இல்லைன்னு நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன்."

கஸ்முரி டீசலில் நனைத்த துணியை வாங்கி அழுத்தித் தேய்த்தார். பொட்டு போனது. அதைச் சுற்றி, டீசல் பட்ட இடமெல்லாம் தட்டு அகலத்துக்கு ஒரு மினுக்கு வந்தது. அந்த மினுக்கின் நடுவில், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொட்டு மெல்ல எட்டிப் பார்த்தது.

"முன்னாடி பொட்டு மட்டும் இருந்தது" என்றான் ஜுமாடி. "இப்போ அதுக்கு ஒரு சட்டமும் போட்டு மாட்டிட்டீங்க."

"மரத்தூள் கொண்டா."

மரத்தூள் வந்தது. கஸ்முரி ஒரு கைப்பிடி எடுத்துப் பொட்டின் மேல் போட்டார். சுத்தமான தரையில் தனியாக ஒரு மரத்தூள் குவியல், பார்ப்பவர் கண்ணை இழுத்தது. அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார்.

"இது என்ன பாக்?"

"அது... ஹாஜி சர்வானி வர்றார் இல்லையா, துவா ஓத. வயசானவர். வழுக்கிடக் கூடாதுன்னு..."

மேலாளர் நெகிழ்ந்துபோனார். "இதைத்தான் பாக் நான் எல்லாரிடமும் சொல்றேன். பாதுகாப்புன்னா இதுதான். ஆனா இங்கே ஒரு பிடி போட்டா எப்படி? வாசல்லேருந்து இதுவரைக்கும் தூவுங்கப்பா!"

கஸ்முரி தடுப்பதற்குள் ஆட்கள் வாளியோடு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் வட்ட வாசலில் தொடங்கி, தூண்களுக்கு நடுவே வளைந்து, ஒரு மரத்தூள் பாதை நேராக வந்து பொட்டின் மேல் முடிந்தது.

"அம்பு மட்டும்தான் போடலை" என்றான் ஜுமாடி காதோரமாக.

"வாயை மூடிக்கிட்டுக் கூட்டு. எல்லாத்தையும் கூட்டு."

"ஹாஜி வழுக்கி விழுந்தா?"

"நான் தாங்கிக்கறேன்."

கூட்டினார்கள். பொட்டின் மேல் இருந்த மரத்தூள் எண்ணெயில் ஊறிப் பழுப்புக் களிம்பாகித் துடைப்பத்தோடு இழுபட்டது. அதையும் துடைத்து முடித்தபோது பொட்டு ஒரு ரூபாய் நாணயத்தளவு ஆகியிருந்தது. முந்தின நாள் இரவு முழுக்கப் பெய்த மழை கூரையில் தேங்கி, வடிகுழாயில் கலகலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கூடத் தன்னைக் கேலி செய்வதாகக் கஸ்முரிக்குப் பட்டது.

பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் வந்தது. தியுர்மா.

கஸ்முரி யோசிக்கவில்லை. வலது காலைத் தூக்கிப் பொட்டின் மேல் வைத்து நின்றார்.

"பாக், கொஞ்சம் நகருங்க. இந்தப் பட்டையை மட்டும் பார்த்துட்டா முடிஞ்சது."

"பாருங்க இபு. அங்கேயிருந்து ஆரம்பிங்க."

"இங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும். ஏன் நிக்கறீங்க?"

"கால் மரத்துப்போச்சு."

இதைவிட மோசமான பதிலை அவர் சொல்லியிருக்க முடியாது. மூடிய தொட்டிக்குள் ஒருவர் தன் கால் மரத்துவிட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நச்சுக்காற்று. தியுர்மாவின் முகம் வெளுத்தது.

"மரத்துப்போச்சா? தலை சுத்துதா? வாயில இனிப்பா இருக்கா?"

"இல்லை இபு, இது பழைய கால்வலி..."

"எல்லாரும் வெளியே! காத்துப் பார்க்கறவரைக் கூப்பிடுங்க! ஸ்ட்ரெச்சர்!"

ஊதல் ஒலித்தது. ஆட்கள் வரிசையாக வட்ட வாசல் வழியாகத் தலையைக் குனிந்து வெளியேறினார்கள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு கஸ்முரியிடம் ஓடி வந்தார்கள். காலை எடுக்க மாட்டேன் என்று அவர் தூணைக் கட்டிக்கொண்டார். காற்று நிபுணர் தன் கருவியோடு தொட்டியை ஒரு சுற்று சுற்றி, எங்கும் எதுவும் இல்லை என்றார். பிறகு சந்தேகத்துக்கு ஒருமுறை கஸ்முரியைச் சுற்றி வந்தார். அங்கேயும் இல்லை. தியுர்மா ஒரு முக்காலி கொண்டுவந்து அவரைப் பொட்டின் மேலேயே உட்காரவைத்து, தன் தண்ணீர்ப் புட்டியையும் கொடுத்தாள்.

"வயசான காலத்துல இப்படி ஓடியாடாதீங்க பாக்" என்றாள். அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. கஸ்முரிக்கு அது பிடிக்கவில்லை. எதிரி நல்லவளாக இருந்தால் வேலை கெடும்.

இதில் ஒரே ஒரு நன்மை, நேரம் போய்விட்டது. வெளியே சாப்பாடு வந்துவிட்டது.

கஸ்முரியின் மனைவி சுமினா சமைக்கும் மஞ்சள் சோற்றுக் கோபுரத்துக்கு இந்தக் கரை முழுவதும் பெயர் உண்டு. மற்ற பெண்கள் எவ்வளவு பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டு அரிசி போடுவார்கள். சுமினா வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டு அரிசி போடுவாள். கோபுரம், சுற்றிலும் முட்டை, வறுத்த கோழி, காய்கறித் துருவல் எல்லாம் ஒரு மூங்கில் தட்டில் ஏறி, விளிம்பு இடிக்காமல் அந்த வட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"என்னங்க," என்று அவள் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள், "ஸ்ட்ரெச்சர் யாருக்கு?"

"யாருக்கும் இல்லை."

"காலையிலேருந்து உங்க முகம் சரியில்லை. எதையாவது மறைக்கறீங்களா?"

"நான் எதை மறைக்கப் போறேன்? போ, போய் நிழல்ல உட்காரு."

அடுத்து ஹாஜி சர்வானி வந்தார். தொட்டி வளாகத்துக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர். ஊரில் துவா ஓதுவதும் வாத்து வளர்ப்பதும் அவர் வேலை. தொப்பி விழாமல் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தார்.

"மாஷா அல்லாஹ், பாக் கஸ்முரி! எங்க வீட்டுத் தரைகூட இப்படி இல்லை."

"வாங்க ஹாஜி. வாத்தெல்லாம் சௌக்கியமா?"

"என்னத்தைச் சொல்ல. உங்க இபு இருக்காங்களே, போன மாசம் எங்க வீட்டுக்கு வந்து வாத்து ஒவ்வொண்ணையா தூக்கித் தூக்கிக் காலைப் பார்த்தாங்க."

"வாங்கறதுக்கா?"

"விலையே கேட்கலை. காலை மட்டும் பார்த்தாங்க."

கஸ்முரிக்கு முதுகில் சில்லென்றது. உள்ளங்கால் பார்க்க இவள் வாத்தை வைத்துப் பயிற்சி எடுத்திருக்கிறாள்!

தட்டைச் சுமந்து வந்தவர்கள் வழக்கம்போலத் தொட்டியின் நடுவுக்குப் போனார்கள்.

"அங்கே இல்லை! இங்கே!" என்றார் கஸ்முரி, முக்காலியை விட்டு எழாமல்.

"நடுவுலதானே பாக் எப்பவும் வைப்போம்?" என்றான் ஜுமாடி. அவனுக்குக் காரணம் நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டான்.

"பழைய டேங்குக்கு நடுவுல வைக்கக் கூடாது. கடல் பக்கத்துத் தூணடியிலதான் வைக்கணும். எங்க அப்பா காலத்து வழக்கம்."

"உங்க அப்பா தையல்காரர்னு சொன்னீங்களே?"

"தையல்காரருக்கு வழக்கம் இருக்கக் கூடாதா?"

மேலாளருக்கு வழக்கம் என்றால் மரியாதை. "அப்படியே செய்யுங்கப்பா" என்றார். கஸ்முரி முக்காலியை ஒரு கையால் இழுத்த அதே கணத்தில் மூங்கில் தட்டு பொட்டின் மேல் இறங்கியது. காலையிலிருந்து முதல்முறையாக அவர் மூச்சை முழுசாக விட்டார். பொட்டின் மேல் ஒரு கோபுரம் நிற்கிறது. அதைத் தாண்டி யார் என்ன செய்துவிட முடியும்?

எல்லோரும் செருப்பையும் பூட்ஸையும் வாசலருகே கழற்றிவிட்டு வந்து, தட்டைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். ஹாஜி கைகளை ஏந்தினார். வேலை செய்தவர்களுக்கு நலம் கேட்டார், சமைத்த கைக்கு நலம் கேட்டார். கடைசியில்,

"தேடறவங்க கண்ணுக்கு, அவங்க தேடறது தென்படட்டும்" என்றார்.

"ஆமீன்" என்று தியுர்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அவள் கிறித்தவப் பெண். அப்படியும் சொன்னாள்.

கஸ்முரி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஹாஜியும் அவள் கட்சி!

கோபுரத்தின் உச்சியை வெட்டி வாழையிலையில் வைத்து மேலாளர் கஸ்முரியிடம் நீட்டினார். ஆட்கள் கைதட்டினார்கள். நியாயமாக அவர் வாழ்க்கையில் அது ஒரு பெரிய நிமிடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கண் தட்டின் விளிம்பிலேயே இருந்தது. இத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் தரைத்தகடு லேசாக அமுங்கியிருந்தது. ஆட்கள் கோழிக்காக ஒருபக்கம் சாயும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது. அமுங்க அமுங்க, தட்டின் அடியிலிருந்து ஒரு கறுப்பு நாக்கு மெல்ல வெளியே வந்தது.

கஸ்முரி தன் வலது உள்ளங்காலை அதன் மேல் வைத்து மூடினார். வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

"பாக், ஏன் ஒரு காலை மட்டும் தூக்கி வெச்சுக்கிட்டுச் சாப்பிடறீங்க?" என்றார் மேலாளர்.

"கால்வலி."

"முட்டை போடட்டுமா?"

"கால்வலிக்கா?"

சாப்பாடு முடிந்தது. தியுர்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். இத்தனை நாள் ஊர்ந்ததில் அவள் முழங்கால் துணி வெளுத்துப்போயிருந்தது. குரலில் வழக்கமான சண்டை இல்லை.

"நான் இவ்வளவு சுத்தமான தரையைப் பார்த்ததே இல்லை" என்றாள். "இந்தப் பட்டையில தகடு சேர்ற இடத்தை இப்போ சாப்பிடறப்போ கண்ணாலேயே பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை. நான் நினைச்சது தப்பு. ஏழாம் எண்ணை மூடிடலாம். சாயந்திரம் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். கத்தியது கூரையில் பட்டுத் தொட்டி முழுக்க உருண்டு திரும்பி வந்தது. ஜுமாடி எழுந்து ஆடவே தொடங்கிவிட்டான். எட்டாம் எண் அவர்களுடையது. மெஷின் சிங்கப்பூரிலேயே இருக்கட்டும்.

"கால்! கால்!" என்றார் யாரோ.

எல்லோரும் வட்டமாகக் காலை நீட்டினார்கள். தடித்த கால், வெடித்த கால், ஆறாத பித்தவெடிப்பு உள்ள கால். ஒவ்வொன்றும் குழந்தைக் கால் போல வெளுப்பு. தியுர்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேலாளரும் உற்சாகத்தில் தன் காலை நீட்டினார். அவர் கால் எப்போதுமே வெளுப்புதான், அதில் பெருமை இல்லை. ஹாஜியும் நீட்டினார்.

"பாக் கஸ்முரி, உங்க கால்?"

கஸ்முரி மடக்கிய காலை நீட்டவில்லை.

கால் மரத்துவிட்டது என்று இன்னொரு முறை சொல்லலாம். நம்புவார்கள். முக்காலி வரும், தண்ணீர் வரும், சாயந்திரம் கையெழுத்தும் வரும். அவர் தன் ஆட்களின் கால்களைப் பார்த்தார். அத்தனை வெளுப்பான கால்களுக்கு நடுவில் தன் கால் ஒன்று மட்டும் மடங்கி ஒளிந்துகொண்டிருந்தது. வாளி வாளியாகக் கசடு சுமந்தவர்கள் இவர்கள். இவர்கள் கால் உண்மையைச் சொல்லும்போது தலைவனின் கால் பொய் சொன்னால், அந்த வெளுப்புக்கு என்ன மரியாதை?

அவர் காலை நீட்டினார்.

குதிகாலிலிருந்து விரல் வரை கறுப்பு.

ஜுமாடி காலாட்டுவதை நிறுத்தினான். மேலாளர் கடைசியாக வாயில் போட்டிருந்த முட்டை அப்படியே நின்றது.

"ஆளுங்க மேல தப்பு இல்லை" என்றார் கஸ்முரி. "தப்பு என்னோடது. மறைச்சது நான்."

மூங்கில் தட்டை இரண்டு கையாலும் தூக்கி அப்பால் வைத்தார். அங்கே, பளபளக்கும் தரையின் நடுவே, தட்டின் பின்னல் அச்சோடு, கறுப்பாக ஒரு வட்டம் கிடந்தது.

"காலையிலேருந்து துடைக்கறேன் இபு. டீசல் போட்டேன், மரத்தூள் போட்டேன், காலை வெச்சேன், சோத்தை வெச்சேன். போக மாட்டேங்குது."

தியுர்மா விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"துடைச்சா... திரும்ப வருதா?"

"ஆமா."

"துடைச்ச அதே இடத்துலேயா?"

"அதே இடத்துல. என் மானத்தை வாங்கறதுக்குன்னே."

அவள் விளக்கோடு தொப்பென்று தரையில் குப்புற விழுந்தாள். விரலால் கறுப்பை வழித்துவிட்டுக் கன்னத்தைத் தகட்டில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். தூணுக்கு ஒட்டினாற்போல, நேற்று ஜுமாடி துருப்பொருக்கைச் சுரண்டிய இடத்தில், குண்டூசித் தலையளவுக்கு ஒரு துளி மேலே வந்தது. ஹாஜி எட்டிப் பார்க்கக் காலை மாற்றி வைத்தார்; தகடு அமுங்கியது; துளி பெருத்தது.

தியுர்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கஸ்முரிக்குப் புரியவில்லை. பெண்பிள்ளை அழுவதை அவரால் பார்க்க முடியாது.

"அழாதீங்க இபு. இப்படி ஒரு அழுக்கை விட்டதுக்கு நீங்க மெஷினையே கூப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "எழுந்திருங்கப்பா. பாத்திரத்தை எடுங்க. நாளைக்குப் புல் வெட்டப் போகலாம்."

ஹாஜி சர்வானி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"எங்கே போறீங்க பாக்? வாய்க்கால்ல என் வாத்துக் காலெல்லாம் கறுத்துப்போன நாள்லேருந்து அந்தப் பொண்ணு தேடற ஓட்டை இதுதான்; இது வழியா மண்ணுக்குள்ள இறங்கின எண்ணெய்தான் இப்போ மேல வருது. மெஷின் துடைச்சா தரை பூராவும் கறுப்பா இருக்கும், இது கண்ணுக்கே படாது, கஸ்முரி ஆளுங்க துடைச்ச தரையிலதான் ஒரு பொட்டு விழுந்தாலும் தெரியும்னு ஆபீஸ்ல சண்டை போட்டுத்தானே உங்களை இதுக்குள்ள இறக்கினா!"